பூசணிக்கா பாயும் பத்துப் பட்டையும்

உலகத்திலேயே பூசணிக்காயிடம் அபிப்பிராயம் கேட்டு ஜீப்புக்கு ஸ்பிரிங் மாற்றிய ஒரே மனிதர் எங்கள் டிரைவர் பாய்தான். வாணியம்பாடிக்காரர். ஜவ்வாது மலையில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'பூசணிக்கா பாய்' என்றால் ஆடுகள்கூடத் திரும்பிப் பார்க்கும்.

ஜீப்பின் அடியில் வில்போல அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளை மாற்றினால், பின்னால் ஒரு பூசணிக்காயை உட்கார வைத்து மலையேற்றுவார். காய் விரிசல் விட்டால் பட்டை சரியில்லை. அன்று ஆபீஸ் முழுக்கப் பூசணிக்காய் சாம்பார்.

"மனுஷங்களை உட்கார வெச்சுப் பார்க்கக் கூடாதா பாய்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஆபீசரு குலுங்கிக்கினே 'நல்லாகீது'ம்பாரு. மரியாதைக்குப் பொய் சொல்வாரும்மா. இதுக்கு ஏது மரியாதை?"

எண்பதுகளின் தொடக்கத்தில், மெக்கானிக்கல் டிப்ளமோவோடு, மலைக்கு விதை கொண்டுபோகும் அந்த வேளாண்மை அலுவலகத்தில் நான் சேர்ந்த மாதம் பின்பக்கப் பட்டை முறிந்தது. புதியதைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. பட்டியல் போடாமல் எனக்குக் கை ஓடாது. விதை மூட்டை, ஆறு. வழியில் கை காட்டி ஏறுகிறவர்கள், பதினாலு. 'இடமில்லை' என்று சொல்லத் தெரியாத டிரைவர், ஒன்று. கூட்டிப் பார்த்தேன், பத்துப் பட்டை வேண்டும்.

"ஏழு போதும்மா. பாரம் இல்லாத அன்னிக்கி இது ஜீப்பு இல்ல, துள்ளுற ஆட்டுக்கடா."

"பாரம் இல்லாத நாள் எது? பட்டியலைப் பாருங்க."

"பட்டியலு பின்னால உக்காருமா?"

பத்தே மாட்டினோம். மூன்றாவது வளைவில் பூசணிக்காய் நாலாகப் பிளந்தது. 'காய் சரியாக முற்றவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

நாலாம் நாள் காலை, நெல்லிவாசல்நாட்டில் மூட்டைகளை இறக்கி முடித்தபோது ஒருவர் ஓடி வந்தார். மனைவி சின்னப்பாப்பாவுக்கு முந்தின நாளிலிருந்து பிரசவ வலி. குழந்தை குறுக்கே கிடப்பதாக மருத்துவச்சி சொல்லிவிட்டாள். உடனே திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அவளைப் படுக்க வைத்து நூறடிகூடப் போகவில்லை. காலி ஜீப் துள்ளிய துள்ளலில் அவள் அலறினாள். பாய் பிரேக் போட்டார். பட்டையை மாற்ற அரை நாளாகும்.

பாய் சீட்டின்மேல் ஏறி நின்றார். "மூட்டையெல்லாம் திரும்ப ஏத்துங்க! திருப்பத்தூர் வர்றவங்க ஏறுங்க! வராதவங்களும் ஏறுங்க!"

"என்ன பாய் இது? ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி!"

"நீங்க போட்டது பதினாலு பேரு பட்டைம்மா. அத்தினி பேரு ஏறுனாத்தான் அடங்கும்."

மூட்டைகளைப் பரப்பி, அதன்மேல் அவளைப் படுக்க வைத்தோம். மற்றவர்கள் படியில், பம்பரில், ஸ்டெப்னிமேல்.

"எனக்கு அங்க இன்னா வேல?" என்றார் ஒரு பெரியவர்.

"வெயிட்டுக்கு வா மாமா!"

ஜீப் தாழ்ந்தது. துள்ளலை மறந்து, சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கியது. நான் வளைவுகளை எண்ணினேன். எட்டாவதில் சின்னப்பாப்பாவின் குரல்: "யோவ், கால மிதிக்காத! கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

பாய் ஸ்டியரிங்கைத் தட்டினார். "திட்றாம்மா! அப்ப நல்லாகீறா!"

மதியம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வெயிட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் விசிலடித்தார்கள்.

அலுவலகத்தில் ஆபீசரிடம் பாய், "இஞ்சினீரம்மா பட்டைதான் சார் காப்பாத்துச்சு" என்றார். மறுநாள் நானே மூன்று பட்டைகளைக் கழற்றச் சொன்னேன். சோதனை ஓட்டத்துக்குப் போனால், பின்னால் பூசணிக்காயைக் காணோம்.

"எங்க பாய்?"

"நீங்க உக்காருங்கம்மா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

குறிப்பேடு அவர் சீட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, 'காய் சரியாக முற்றவில்லை' என்று நான் எழுதிய பக்கம் திறந்தபடி.