இருநூற்றுப் பதினாலு நிறுத்தம்

இந்தத் தடவை மெக்கானிக்கின் நிழல்கூட என் கார் மேல் படக்கூடாது என்று முடிவு செய்தேன். அதே மூச்சில் இன்னொரு முடிவும் செய்தேன். மைத்துனன் கல்யாணப் பத்திரிகையில் ஒன்றைக்கூட நான் கொண்டுபோய்க் கொடுக்கப்போவதில்லை. இரண்டையும் வெள்ளிக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது அறிவித்தேன். என் மனைவி பிரிஸ்கில்லா சட்னியை ஊற்றிவிட்டு, "சரிங்க" என்றாள். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவன் அந்தச் 'சரிங்க'வுக்குப் பயந்திருக்க வேண்டும். நான் இன்னும் இரண்டு இட்லி கேட்டேன்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருஷத்துச் சின்னக் கார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, கவிழ்ந்தால் தலை தப்பட்டும் என்று இரும்புக் குழாய் வளைத்துப் போட்டிருக்கிறேன். கதவில் 27 என்று எழுதியிருக்கும். வருஷம் பூராவும் திண்டுக்கல்லில் பூட்டு விற்பவன், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்தய வீரன். எரியோடு போகிற வழியில், மனை பிரித்து, தார் ரோடும் போட்டு, ஒரு வீடுகூட வராத இடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் பந்தயம். ஒவ்வொருவராக ஓட்ட வேண்டும். கூம்புகளைச் சுற்றி வந்து, கடைசியில் சுண்ணாம்பால் போட்ட கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். கட்டத்தைத் தாண்டினால் ஓட்டியது செல்லாது.

போன வருஷம் நான் கட்டத்தைத் தாண்டினேன். அதற்கு முந்தின வருஷம் கட்டத்தோடு, கொடி பிடித்து நின்ற நாச்சிமுத்துவையும் தாண்டினேன். அவர் வேலியில் ஏறித் தப்பித்தார். இந்த வருஷமும் தாண்டினால் இனிமேல் பேரே கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பின்சக்கர டிரம்மை உள்ளிருந்து அழுத்தி வண்டியை நிறுத்துகிற பிரேக் ஷூவைப் புதிதாக வாங்கினேன். பந்தயத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பிரிஸ்கில்லாவுக்கும் ஒரு கவலை இருந்தது. அவள் தம்பி ஜெரினுக்குக் கல்யாணம். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை முதல் தடவை வாசித்தாகிவிட்டது. பத்திரிகையை அக்காவும் மச்சானும் ஜோடியாகப் போய்த்தான் வைக்க வேண்டும். அக்கா மட்டும் போனால், "ஏன், அவரு வரலையாக்கும்?" என்று கேட்பார்கள். கேட்டதோடு விடாமல், கல்யாணத்துக்கும் வராமல் இருந்துவிடுவார்கள்.

அதெல்லாம் எனக்கு எதற்கு? வாசலில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினேன். சக்கரம் வந்தது. டிரம் வரவில்லை. சுத்தியலால் தட்டினேன். தெரு முழுக்கக் கேட்டது.

"என்னங்க, மலைக்கோட்டையவா இடிக்கிறீங்க?" என்று பக்கத்து வீட்டு பக்ருன்னிசா மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

"பிரேக் ஷூ மாத்துறேன்."

"மெக்கானிக் வரலையா?"

"நான்தாங்க மெக்கானிக்."

அவர் அவசரமாகத் தன் வீட்டு ஜன்னலைச் சாத்தினார். நல்லவேளை. பழைய ஷூவை இழுத்துப் பிடித்திருந்த ஸ்பிரிங் என் கையிலிருந்து தப்பி மதிலைத் தாண்டிப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் அதை ஒரு கிண்ணத்தில் வைத்து, மேலே தட்டு மூடிக் கொடுத்தனுப்பினார். மறுபடி பறந்துவிடும் என்று நினைத்தார் போல.

மூன்று மணி நேரத்தில் இரண்டு பக்கமும் புது ஷூ ஏறிவிட்டது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது. ஆனால் ஒரு சந்தேகம். புது ஷூ பழைய டிரம்மோடு முழுசாகப் படியாது. மெதுவாக ஓட்டி, மெதுவாக நிறுத்தி நிறுத்தித்தான் படிய வைக்க வேண்டும். எத்தனை தடவை? மெக்கானிக் இஷாக்கிடம் கேட்கலாம். போனில் கேட்டால் கார் மேல் அவன் நிழல் படாது. கை நிறைய கிரீஸ் இருந்ததால் பிரிஸ்கில்லாவைப் பேசச் சொன்னேன்.

"இங்க சிக்னல் இல்லைங்க" என்று போனோடு உள்ளே போனாள். செத்த நேரம் கழித்து வந்தாள்.

"எரநூத்திப் பதினாலு தடவை நிறுத்தணுமாம்."

"அதென்ன பதினாலு?"

"எனக்கென்னங்க தெரியும்? உங்க எஞ்சினியரிங்."

அந்தப் பதினாலு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இருநூறு என்று எவனும் சொல்வான். பதினாலு சேர்த்துச் சொல்பவன்தான் தொழில் தெரிந்தவன்.

"சும்மா ரோட்டுல எரநூறு எடத்துல நிறுத்துனா கிறுக்கன்னு நெனைப்பாங்களே" என்றேன்.

"ஆமாங்க. நிறுத்துறதுக்கு ஏதாச்சும் காரணம் இருந்தாத் தேவலை" என்றாள். துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மிச்சத்தை நான்தான் பேசினேன். "ஏய், அந்தப் பத்திரிகைப் பைய எடு!"

என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

எட்டு நாள் அலைந்தோம். பெரியவர்கள் இல்லாமல் பத்திரிகை வைக்கக்கூடாது என்று மாமியார் இஞ்ஞாசியம்மாளும் ஏறிக்கொண்டார். பின்சீட் இல்லாததால் கோரைப்பாயை மடித்துப் போட்டு, இரும்புக் குழாயைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார்.

"அய்யலூர் சந்தைக்குப் போற ஆடுகூட நின்னுக்கிட்டுப் போகுது, மாப்பிள்ள. எனக்கு ஏன் இந்தக் கெதி?"

"பிரேக் படியணும், அத்தை."

"எனக்கு இடுப்பு படிஞ்சிருச்சுப்பா."

ஒரே தெருவில் அடுத்தடுத்து ஆறு வீடு இருந்தால் நடந்தே போய்விடலாமே என்றேன். "நடந்து போனா ஷூ எப்புடிங்க படியும்?" என்றாள் பிரிஸ்கில்லா. நியாயம்தான். வேகம் எடுக்க இடம் வேண்டும் என்று தெருமுனை வரை ரிவர்ஸ் போய், திரும்ப வந்து, அடுத்த வாசலில் நிறுத்தினேன். ஆறு வீட்டுக்கும் அப்படியே. அந்தத் தெருவிலிருந்த சூசைமாணிக்கம் வாத்தியார் நெகிழ்ந்துவிட்டார். "வீட்டுக்கு வீடு தனித்தனியா வந்து அழைக்கிறாரே, இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்!" என்றார். நான் அடக்கமாகச் சிரித்து, நூற்று முப்பத்தொன்று என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை இருநூற்றுப் பதினாலாவது தடவை நிறுத்தினேன். பத்திரிகைப் பையும் அதே வீட்டில் காலியானது. இரண்டும் ஒன்றாக முடிந்ததைத் தெய்வச் செயல் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. என் முறை வந்ததும் நாச்சிமுத்து கொடியோடு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். கூம்புகளைச் சுற்றினேன். கட்டம் தெரிந்தது. மிதித்தேன். அழைக்கப் போன வீட்டு வாசலில் நிற்பது போல வண்டி கட்டத்தின் நடுவில் நின்றது. பழக்க தோஷத்தில் கை பத்திரிகையைத் தேடியது. நான்காவது இடம். கப் மூன்று பேருக்குத்தான். இருந்தாலும் அடுத்த வருஷமும் நான் ஓட்டலாம். கண் கலங்கிவிட்டது.

வேடிக்கை பார்க்க வந்த இஷாக் ஓடி வந்து கட்டிக்கொண்டான். "அண்ணே, முப்பது தடவைக்கே இம்புட்டு நல்லாப் படிஞ்சிருச்சே!"

"எந்த முப்பது?"

"அக்காகிட்ட அன்னைக்கே சொன்னேனே. மெதுவா முப்பது தடவை நிறுத்துனாப் போதும்னு."

குடையைப் பிடித்து நின்ற பிரிஸ்கில்லாவிடம் போனேன். "முப்பதுன்னுதான் சொன்னானாமே?"

"ஆமாங்க" என்று குடையை என் பக்கம் சாய்த்தாள். "முப்பது பிரேக்குக்கு. மிச்சம் நூத்தி எம்பத்தி நாலு எந்தம்பிக்கு."