நான்கு கட்டையும் நேராக

கட்டைக்காரர் அன்று ஏன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போடி கடைத்தெருவில் டார்ச்சும் பேட்டரிக் கட்டையும் விற்கிறவர் அவர். வாங்க வந்தவரை எளிதில் வாங்கவிடாத வியாபாரி தமிழ்நாட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். மலையேறுகிறவர்களை வக்கீல் போலக் குறுக்கு விசாரணை செய்வார். எந்தப் பாதை? மஞ்சுமூட்டம் இறங்குமா? கையில் சுமை உண்டா?

மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு டார்ச் வாங்க, கைப்பிள்ளையோடு போனேன்.

"டார்ச்சக் கையில பிடிச்சா, வழுக்குறப்ப எதப் பிடிப்பாக? நெத்தி லைட்டு வாங்கு ஆத்தா."

நெற்றிக்கு ஒரு வார், இடுப்பில் நான்கு கட்டை போடும் பெட்டி. தானே மாட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் தெருவில் நடந்து காட்டினார்.

"என்ன அண்ணாச்சி, சூரியனத் தேடுறீகளா?" என்றார் எதிர்க்கடைக்காரர்.

"ஒன் மூளையத் தேடுறேன்லே. இந்த வெளிச்சத்துக்கும் தெம்படல!"

பிறகு புத்திமதி தொடங்கியது. பழசையும் புதுசையும் கலக்காதே, ஈரத்தில் வைக்காதே... பன்னிரண்டாவதில் பிள்ளை வீறிட்டான். பதின்மூன்றாவது என் காதில் விழவில்லை.

வீட்டில் போட்டால் எரியவில்லை. திறந்து பார்த்தேன். ஒரு கட்டை தலைகீழாக இருந்தது. பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது என்று பெருமையாக நேராக்கினேன். பளிச்சென்று எரிந்தது. அணைத்து, அப்படியே அவர் மூட்டைக்குள் வைத்து அனுப்பினேன்.

சனிக்கிழமை மலையிறங்கும்போது இருட்டிவிட்டது, லைட் எரியவில்லை. கணவர் சுமைக்கழுதையின் வாலைப் பிடித்தபடி இறங்கியிருக்கிறார். பாதி வழியில் கழுதை தன் ஆட்சேபத்தைக் காலால் தெரிவித்தது. முழங்கால் வீங்கி வந்து சேர்ந்தார்.

லைட்டும் பிள்ளையுமாகக் கடைக்கு ஓடினேன். தோட்டத்து ஆட்கள் பத்துப் பேர் நின்றார்கள்.

"செத்த கட்டையக் கொடுத்து என் வீட்டுக்காரரக் கொல்லப் பாத்தீகளே!"

அவர் பெட்டியைத் திறந்தார். நான்கும் நேராக இருந்தன. என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"எந் தப்புத்தான் ஆத்தா. கட்டை சரியில்ல."

புதிதாக நான்கு போட்டுக் கொடுத்தார். வீட்டில் திறந்தால் மறுபடியும் ஒன்று தலைகீழ்! கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'மூட்டைக்குள் சுவிட்ச் அழுந்தினாலும் எரிந்து தீராமலிருக்க ஒன்றைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். மாட்டும்போது நேராக்கவும்.' அதுதான் அந்தப் பதின்மூன்றாவது.

அன்றே போயிருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு மழை, பிறகு வெட்கம். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அவர் விற்பது செத்த கட்டை என்ற பேச்சு அதற்குள் மலை முழுக்கப் பரவிவிட்டது.

பத்துப் பேர் முன்னால் பழித்தவள், பத்துப் பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். பலமுறை தெருமுனைவரை போய்த் திரும்பியிருக்கிறேன். அந்தக் கடையில் இப்போது ஓர் ஆள்கூட நிற்பதில்லை. நான் எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள். பெரியவருக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.