ஏணிச் சின்னமும் என் கையெழுத்தும்

ஓட்டு ரகசியமானது என்று சட்டம் சொல்கிறது. எங்கள் தொகுதியில் ஒரே ஒரு வாக்காளனுக்கு மட்டும் அந்தச் சட்டம் பலிக்கவில்லை. அவன் நான்தான்.

தொகுதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். (தேர்தல் என்றால் ஆதியிலிருந்துதான் தொடங்குவேன். கல்யாணப் பந்திகளில் என் பக்கத்து இலை பெரும்பாலும் காலியாக இருந்ததற்கு இதுதான் காரணம்.) திருவானைக்காவலைத் தாண்டி, பாதி தெருக்களும் பாதி வாழைத் தோட்டமுமாகக் கிடந்த புறநகர்த் தொகுதி. யார் நின்றார், யார் ஜெயித்தார், எந்த ஊர்ப் பெட்டி யாரைக் கவிழ்த்தது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தச் சரித்திரத்திலிருந்து நான் கண்டெடுத்த விதி ஒன்றுதான்: இங்கே எந்தச் சுயேச்சையும் டெபாசிட்டைத் திரும்ப வாங்கியதில்லை.

எழுபதுகளில் ஒரு சட்டமன்றத் தேர்தலில், சுயேச்சையாக என் மாமனாரே நின்றார். சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஜெயித்தவர்கள் எல்லாரும் எங்கள் நகருக்கு டவுன் பஸ் விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், பஸ் வரவில்லை. அந்தக் கோபத்தில் மனு போட்டார். சின்னம் ஏணி. நானும் மனைவியும் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தோம்.

"ஜெயிக்க மாட்டேன்னு எனக்கே தெரியும் மாப்பிள்ளை," என்றார் ஒருநாள். "டெபாசிட்டும் போகட்டும். நம்ம வீட்டு நாலு ஓட்டும் ஏணிக்கு விழுந்துடணும். அது போதும் எனக்கு."

அதில் என்ன சந்தேகம் மாமா என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஓட்டுச்சாவடியில் அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றதும் எனக்குள் இருந்த சரித்திர ஆசிரியர் விழித்துக்கொண்டார். தோற்கப் போகிறவருக்குப் போடும் ஓட்டு வீண் அல்லவா? ஏற்கெனவே ஜெயித்திருந்தவரின் சின்னத்தில் குத்தினேன். அத்தோடு வெளியே வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் நான் ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தா. ரப்பர் ஸ்டாம்ப் விழுந்த இடத்துக்குக் கீழே கையெழுத்தும் தேதியும் இல்லாத காகிதம் என் கையை விட்டுப் போனதே கிடையாது. கை தன் வேலையைச் செய்துவிட்டது. மூளை அப்போது ஊரில் இல்லை.

சீட்டை ஒழுங்காக மடித்துப் பெட்டியில் போட்டேன். வீட்டில் மாமியார் ஏணிக்காகக் கேசரி கிளறியிருந்தார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஓட்டு எண்ணும் இடத்தில் மாமனாருக்கு ஏஜெண்ட் நான். சட்டையில் பெயர் எழுதிய அட்டை வேறு. மற்ற ஏஜெண்டுகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, செல்லாத ஓட்டு ஒவ்வொன்றையும் எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் ஒதுக்க வேண்டும் என்று அதிகாரியிடம் விதி பேசினேன். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்காரு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

மதியத்துக்குள் அதிகாரி ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்தார். "பார்த்துக்குங்க. போட்டவர் கையெழுத்தே போட்டிருக்காரு. செல்லாது."

முத்து முத்தான எழுத்து. (என் கையெழுத்தை ஆடிட்டரே மெச்சியிருக்கிறார்.) எதிர்க்கட்சி ஏஜெண்ட் எட்டிப் பார்த்துப் பெயரை உரக்கப் படித்தார். "தேதியும் போட்டிருக்காருங்க. ரசீது கேக்காம விட்டாரே." மேஜையே சிரித்தது. சிரித்துக்கொண்டே அவர் திரும்பினார். என் சட்டை அட்டையைப் படித்தார். சிரிப்பை நிறுத்தினார். அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை நிதானமாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "செல்லாததுலயே வச்சிடுங்க சார்," என்றார் அதிகாரியிடம்.

அன்று நான் வேறு எந்த விதியும் பேசவில்லை. ஏணிக்கு டெபாசிட் போயிற்று. நான் குத்திய ஆளும் தோற்றார்.

கடைசி பஸ் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். "மாமா, கை பழக்கத்துல தன்னால…" என்று ஆரம்பித்தேன்.

"கையெழுத்தை விடுங்க மாப்பிள்ளை, பழக்கம்," என்றார் திரும்பாமலே. "முத்திரை எங்க விழுந்திருக்குன்னுதான் பார்த்தேன்."

வீட்டில் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் நானே சொன்னேன். அவள் மாடியிலிருந்து இறங்கிப் போய் அம்மாவோடு படுத்துக்கொண்டாள்.

அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரர்கள், வீட்டில் எத்தனை ஓட்டு என்று வாசலில் நின்றே கேட்டார்கள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நாலுங்க," என்றார் மாமனார். "மூணு செல்லும்."

உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. அதன்பின் தேர்தலுக்குத் தேர்தல் அதே பதிலைத்தான் அவர் சொன்னார். எண்பதுகளின் கடைசியில் அவர் காலமானார். அதற்கடுத்து ஓட்டுக் கேட்க வந்தவர்களுக்கு வாசலில் பதில் சொல்ல ஆளில்லையே என்று நான் நின்றுகொண்டிருந்தேன். மனைவி வந்து சொன்னாள்:

"மூணுங்க. ரெண்டு செல்லும்."