முப்பது எழுத்துக்குள் ஒரு குறை

கிர்கிஸ் நாட்டுத் தலைநகர் பிஷ்கேக்குக்குக் கிழக்கே உள்ள ஒரு சிறு நகரத்தில், பொதுமக்களின் குறைகள் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போவதாகக் கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர் குறைகேட்பு அலுவலகத்தின் தலைமை அதிகாரி சகின்பெக். மூக்குக்கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும் என்று கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார் அவர். அந்த அளவில் ஒரு வரிக்கு முப்பது எழுத்துதான் கொண்டது.

குறைகளை வாங்கும் செயலியை எழுதிய எல்தியாரைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு குறைக்கு ஒரு வரி போதாதா? மூணு வரி எழுதுறவன் குறை சொல்லல, கதை சொல்றான்."

எல்தியாருக்கு அது பிடித்துப்போயிற்று. எளிமைதான் அழகு என்ற நாகரிகம் அவனைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த சமயம். வீட்டில் நாற்காலிகளைக்கூட இரண்டாகக் குறைத்திருந்தான். முப்பதாவது எழுத்தோடு எழுதும் பெட்டி வாயை மூடிக்கொள்ளும்படி செய்தான். சிவப்பில் ஓர் எச்சரிக்கை காட்டியிருக்கலாம். பார்வைக்கு உறுத்தும் என்று விட்டுவிட்டான். பாதிச் சொல் தொங்குவது அசிங்கம் என்று, இடம் கொள்ளாத கடைசிச் சொல்லை அடியோடு கழிக்கவும் ஏற்பாடு செய்தான். இந்த அழகுக்காக மட்டும் இரண்டு நாள் உழைத்தான்.

கிர்கிஸ் மொழியிலும் நம் மொழியைப் போல ‘இல்லை’ வாக்கியத்தின் வாலில்தான் வரும். இது அவனுக்குப் பேசத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். அந்த இரண்டு நாளில்தான் நினைவுக்கு வரவில்லை.

‘இந்தக் குளிரில் நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள்’ என்று ஒருவர் எழுதினார். ‘இந்தக் குளிரில் நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம்’ என்று வந்து சேர்ந்தது. ‘எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி தினமும் வருகிறது என்றா நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டவரின் வண்டியும் தினமும் வந்தது, திரையில். செயலி இவற்றைத் தானாகவே பாராட்டு வரிசையில் சேர்த்து, ‘தங்கள் பாராட்டுக்கு நன்றி’ என்று பதிலும் அனுப்பியது. ஒரே மாதத்தில் குறைகள் பத்தில் ஒன்றாகிவிட்டன. சகின்பெக்குக்கு மேலிடத்திலிருந்து ஒரு சான்றிதழும் கௌரவத்துக்குப் போடும் கல்பாக் தொப்பியும் வந்தன. எல்தியார் மூன்று கூட்டங்களில் எளிமையைப் பற்றி நீளமாகப் பேசினான்.

நவம்பரில் ஒரு நாள் அவன் வீடு திரும்பியபோது, மனைவி ஜிபெக் கைக்குழந்தையைத் தன் கம்பளிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை இருமியது. வெந்நீர் ஓடும் கணப்பைத் தொட்டுப் பார்த்தான். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"எழுதிப் போட்டியா?"

"நாலு தடவை. நாலு தடவையும் நன்றி சொல்றாங்க. எந்தப் புத்திசாலி பண்ணின வேலையோ."

கைபேசியை வாங்கிப் பார்த்தான். ‘பதினொன்றாம் எண் கட்டிடத்தில் வெந்நீர் வந்தது’ என்று இருந்தது. அவள் எழுதிய ‘எப்போதோ’ கழிந்துபோயிருந்தது. குழந்தை மறுபடி இருமியது.

"நான்தான்," என்றான்.

ஜிபெக் கோட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நாற்காலியக் குறைச்சப்பவே நான் கேட்டிருக்கணும்," என்றாள்.

மறுநாள் காலையில் சகின்பெக்கின் முன்னால் நின்றான். "ஐயா, வரம்பை எடுத்துடணும். மொத்தமும் தப்பாப் போச்சு."

"வாயால சொன்னா எப்படி? முறைப்படி செயலியில போடு."

எல்தியார் யோசித்து, எதுவும் கழியாதபடி ‘வரம்பை நீக்குங்கள்’ என்று போட்டான்.

சகின்பெக் கண்ணாடி இல்லாமலே படித்தார். முகம் மலர்ந்தது. "எவ்வளவு தெளிவா இருக்கு பாரு. எத்தனை எழுத்து?"

"இடைவெளியோட பதினொண்ணு, ஐயா."

"இவ்வளவு பெரிய விஷயத்தையே பதினொண்ணுல சொல்லிட்ட. அப்போ முப்பதுல பத்தொன்பது வீண்தானே? சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் பதினொண்ணாக்கிடு."

எல்தியார் வாயைத் திறந்தான். மாதச் சம்பளம், வீட்டு வாடகை, குழந்தையின் மருந்து எல்லாம் நினைவுக்கு வந்தன. மூடிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் ஆக்கிவிட்டான்.

ஜிபெக் அதற்குள் கட்டிடத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு கொதிகலன் கூடத்துக்கே போயிருந்தாள். அங்கிருந்தவர் தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். "உங்க கட்டிடத்துல எல்லாரும் சௌக்கியம்னு எழுதி வந்ததேம்மா," என்று வருத்தத்தோடு சொல்லி, வெந்நீர்க் குழாயின் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். அரை மணியில் வீடு சூடாயிற்று.

அந்த வாரக் கடைசியில் அலுவலகத்துக் கணப்பு நின்றது. சகின்பெக் கோட்டோடு உட்கார்ந்து, யாரையும் தொந்தரவு செய்யாமல் முறைப்படி செயலியைத் திறந்தார். முப்பது வருடப் பழக்கத்தில் ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, நிலவரத்தை விரிவாகத் தட்டி அனுப்பினார். ‘மதிப்பிற்குரிய ஐயா’ மட்டும் போயிற்று.

பதில் உடனே வந்தது. எல்தியாரிடம் நீட்டினார். ‘தங்கள் பாராட்டுக்கு நன்றி.’

"பாத்தியா தம்பி, என்ன வேகம்," என்றார், உள்ளங்கைகளில் ஊதிக்கொண்டு.

எல்தியாரும் ஊதிக்கொண்டான். பதில் வர இரண்டு நொடிகூட ஆகவில்லை. அவனுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.