ராஜா குடும்பத்தில் ஆறாவது ஆள்

வேதகிரி வெள்ளைப் பெயிண்ட்டை அள்ளி அள்ளி படத்தில் நின்ற அவள் முகத்தில் அப்பினான். மணி எட்டு. பதினொன்றுக்கு ராஜா வந்துவிடுவார்.

"யாருய்யா இது? போட்டோவுல அஞ்சு பேர்தான கீறாங்க?" என்றாள் மனைவி சுதா.

"நான் வரையவே இல்லடி!"

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அவன் கடைக்கு ராஜாவே வந்து, அறுபது வருஷத்துப் பழைய போட்டோ ஒன்றைக் கொடுத்திருந்தார். அரண்மனைக் கூடத்தில் பெரிய ராஜா பனியனோடு சாய்வு நாற்காலியில். ராணி பூ கட்டிக்கொண்டு. கேரம் போர்டைச் சுற்றி மூன்று பையன்கள். கடைசிப் பையன்தான் இன்றைய ராஜா.

"இதுல உள்ளபடியே பெருசா வரைஞ்சு வேணும். பிடிச்சா, அரண்மனை பூரா உன் வேலைதான். ஒண்ணு மாறினாலும் வாசப்படி மிதிக்காத."

கண் திறப்பது கடைசி வேலை. அதனால் நேற்று ஐவருக்கும் கண் வைக்காமலே கடையைப் பூட்டினான். காலையில் வந்தால், தூணருகே தாவணி போட்ட ஒரு பெண். அவளுக்கு மட்டும் கண் திறந்திருந்தது. அதுவும் ஒன்றுதான். மற்றதை இறுக மூடியிருந்தாள்.

வெள்ளை காய்ந்தது. இப்போது ராணிக்குப் பின்னால் நின்றாள்.

"பீரோ வரைஞ்சி மறைச்சிடு" என்றாள் சுதா.

வரைந்தான். பீரோக் கதவைத் திறந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"நாய வரைய்யா. பேய்ங்களுக்கு நாய்னா ஆவாது."

பிரஷ்ஷைக் கழுவித் திரும்புவதற்குள் நாய் அவள் மடியில் சொகுசாகப் படுத்திருந்தது.

"உன் நாயே கட்சி மாறிடுச்சு பாரு!"

"கம்னு இரு. பேஜார் பண்ணாத!"

ஐவருக்கும் கண் திறந்தான். போட்டோவில் நேரே பார்த்துச் சிரித்தவர்கள்தான். படத்திலோ பத்துக் கண்ணும் அவள் பக்கம் திரும்பின. அவளைப் பார்த்து அதே சிரிப்பு.

வாசலில் கார் நின்றது.

உள்ளே வந்த ராஜாவின் கைத்தடி தரையில் விழுந்தது. பின்னாலேயே பிளாஸ்க்கோடு வந்த அரண்மனைச் சமையல்காரக் கிழவி ஜெயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. போட்டோவுல இல்லாத ஆளு எப்டியோ... அழிச்சிடறேன்!"

"தொடாதே!" ராஜாவின் குரல் உடைந்தது. எட்டு வயசுப் பையனைப்போல விசும்பினார்.

வேதகிரி திருதிருவென்று விழித்தான். ஜெயம்மாள்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஐயாவோட அக்காப்பா அது. அந்த போட்டோவுக்கு மறுநாளே செத்துப்போச்சு, ஒரு படம்கூட இல்லாம. போட்டோவுல எப்டி இருக்கும்? ஒத்தக் கண்ண மூடிக்கினு அந்த போட்டோவ எடுத்ததே அதுதான!"