சுவருக்குச் சாட்சி சொன்ன பல்லி

இந்தச் சம்பவத்தைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். அத்தனை வருடங்களாகச் சந்தேகப்பட்டும் வருகிறேன். அது பல்லிதான் என்று சொன்னவர் ஒரே ஒருவர். நான் கண்ணால் பார்க்கவில்லை.

வேலை சின்னது. வாடகை வீட்டில் சாமான் இறக்குவதற்கு முன்னால், எங்கெங்கே என்னென்ன பழுது என்று செல்போனில் வீடியோ எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

காரணம் உண்டு. வாலாஜாபாத்தில் பழைய வீட்டைக் காலி செய்தபோது, நாங்கள் குடிபோவதற்கு முன்பே இருந்த விரிசலையெல்லாம் எங்கள் தலையில் கட்டி, அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒரு போட்டோ எடுத்து வெச்சிருக்கலாம்ல?" என்று என் மனைவி கோமதி தினமும் கேட்டாள். இந்த முறை ஏமாறுவதாக இல்லை.

காஞ்சிபுரத்து வீட்டுக்கு ஓனர் ஏகாம்பரம் அண்ணன். பக்கத்து வீட்டிலேயே தறி போட்டிருக்கிறவர். பால் காய்ச்சிய கையோடு அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் பழுதைக் காட்ட, "ஆமா, முன்னாடியே இருக்குது" என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அதுதான் திட்டம்.

ஹால் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல்.

"அண்ணா, இது விரிசல்தானே?"

"அது கோடுபா. பெயிண்டு காயும்போது அப்படித்தான் கோடு வுடும்."

ச்ச்! ச்ச்! ச்ச்!

"பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சி!" என்றார் அண்ணன்.

கோமதி உடனே விரலை மடக்கி ஜன்னல் கட்டையில் மூன்று தட்டு தட்டி, "சிவ சிவா" என்றாள். தங்கத்திலும் வெள்ளியிலும் பல்லி செய்து கோவில் கூரையில் வைத்திருக்கிற ஊர். நான் என்ன பேச முடியும்?

சமையலறைக் கூரையில் ஈரத்திட்டு.

"மழைக்கு ஒழுகுமா அண்ணா?"

"ஒரு சொட்டு எறங்கட்டும், மீசைய எடுத்துடறேன்!"

ச்ச்! ச்ச்! ச்ச்! கோமதி அடுப்பு மேடையில் தட்டினாள்.

"அதுக்கு வீட்டப் பத்தி என்ன தெரியும்?" என்று அவள் காதில் கிசுகிசுத்தேன்.

"உங்களவிட அதிக நாளா இங்க குடியிருக்குது."



படுக்கையறைக்குப் போனோம்.

"இந்தச் சுவரு உப்பினாப்ல இருக்குதே அண்ணா?"

"கல்லு மாதிரி சுவருபா. எங்கப்பா கூடவே நின்னு கட்டினது."

ச்ச்! ச்ச்! ச்ச்!

கோமதிக்குப் பக்கத்தில் ஜன்னலும் இல்லை, மேடையும் இல்லை. சுவரிலேயே தட்டினாள். மூன்றாவது தட்டுக்கு, முறம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது.

"யம்மா! நல்லா இருந்த சுவர இப்படி ஒடச்சிட்டியேமா!"

"அது ஏற்கெனவே..." என்று ஆரம்பித்தேன்.

"அதான் நீயே வீடியோ எடுத்துக்கினு இருக்கியேபா. எனக்கும் அனுப்பிடு. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு."

அனுப்பினேன். ஓனர் வீட்டைப் பற்றிச் சொல்கிறார். பல்லி ஆமோதிக்கிறது. என் மனைவி சுவரை உடைக்கிறாள். ஒளிப்பதிவு நான். மறுபடி அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வருடக்கணக்கில் அங்கே இருந்தோம். மழை வந்தால் சமையலறையில் அண்டா வைப்போம். அண்ணன் மீசை அப்படியே இருந்தது.

எனக்கு வேறு கவலை. கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பூரான் வந்தது, எலி வந்தது, ஒரு முறை அணில்கூட வந்தது. பல்லி மட்டும் ஒன்றுகூட வரவில்லை. பெரிய மனிதரைச் சந்தேகப்படுவதா, பல்லியைச் சந்தேகப்படுவதா என்று தெரியாமல், என் காதையே சந்தேகப்பட்டேன்.

போன மாதம் காலி செய்தோம். அட்வான்ஸ் பேச்சை எடுத்ததுமே அண்ணன் தன் போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

"நான் ஒண்ணும் சொல்லலபா. நீ எடுத்ததுதான். சுவருக்கு உண்டானதக் கழிச்சிக்கறேன்."

அன்றைக்குத்தான் நான் அதை முதல் முறையாகப் பார்த்தேன். நான் விரிசலை எடுத்த படத்திலும், ஈரத்தை எடுத்த படத்திலும், ஒரு ஓரத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

முழுவதும் பார்த்துவிட்டு, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. பல்லி கத்தறப்பல்லாம் உங்க கன்னம் ஏன் உள்ள போயிட்டு வருது?"