குழி விழுந்த இரும்பும் ஐந்து எலுமிச்சம்பழமும்

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை

கண்ணியத்திற்குரிய சம்பந்தி ஜனாப் ஹபீபுல்லா சாஹிப் அவர்களுக்கு,

ஷரஃபுதீன் சலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே அனைவரும் சௌக்கியம், என்னுடைய வலது தோளும் இடது முழங்கையும் நீங்கலாக. கோயம்புத்தூரில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை காஷிஃபும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். எங்களோடு சில நாள் தங்க வந்த தங்கள் மருமகள் உம்மே ஹானி நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், என்னோடு மட்டும் மூன்று நாளாகப் பேசவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம். ஆனால் பாதியில் தைரியம் போய், சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது.

பெண் பார்க்க வந்த அன்று, "நீங்க கோல்ஃப் ஆடுறதுண்டா?" என்று தாங்கள் கேட்டதற்கு, "கிண்டியில ஆடுவேன்" என்று சொன்னேன் அல்லவா? கிண்டி மைதானத்தில் வேலி போட்ட காண்ட்ராக்டருக்கு ஒரு காலத்தில் முள்கம்பி கொடுத்தேன். அதுதான் அந்த இடத்துக்கும் எனக்கும் உள்ள மொத்த சம்பந்தம். ஏன் சொன்னேன்? பிரியாணி ஆகிவிட்டது, பெண்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், கூடத்தில் தாங்களும் நானும் மட்டும். தாங்கள் பெரிய வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் நாற்பது வருடம் ஆணியும் கீலும் கடப்பாரையும் விற்றவன். கால் மணி நேரமாக இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெற்ற பெண்ணை ஒரு வீட்டுக்குக் கொடுக்கப்போகிறோம், அவளுடைய மாமனாரோடு நாலு வார்த்தை பேச நமக்கு வழியில்லையே என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது. அந்த நேரத்தில் தாங்கள் கோல்ஃப் என்றீர்கள். ஆமாம் என்றதும் தங்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தேன், அதற்குப் பிறகு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் தங்கள் மெசேஜ் வந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை மருமகளை அழைத்துப்போக வருவதாகவும், அன்று காலை கிண்டியில் ஒரு ஆட்டம் போடலாம், மட்டை செட்டைத் தயாராக வையுங்கள் என்றும். என் மனைவி ஜஹீதாவிடம் கடைத்தெருவுக்கு என்று சொல்லிவிட்டு தி. நகரில் கோல்ஃப் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அங்கே ஸ்ரீரஞ்சனி என்று ஒரு பெண், தையற்காரர் அளவெடுப்பதைப் போல என் உயரத்தையும் மணிக்கட்டிலிருந்து தரைவரை எவ்வளவு என்பதையும் அளந்து எழுதிக்கொண்டு, "புதுசா ஆடுறவங்களுக்கு இது நல்லாருக்கும் சார்" என்று பருமனாக ஒரு செட்டை எடுத்து வைத்தாள். நகத்தால் சுண்டிப் பார்த்தேன். வார்ப்பு! வார்ப்பிரும்பை எனக்கா காட்டுவது? சாக்கடை மூடிக்கு வார்ப்பு போதும், சம்பந்தி முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? அடித்துச் செய்த இரும்பு கொண்டு வா என்றேன். ஃபோர்ஜ்டு என்று மெல்லிசாக, கத்தி போல ஒன்றைக் கொண்டுவந்தாள். முழு இரும்பு, சுண்டினால் கோயில் மணி தோற்றுப்போகும். கடையிலேயே வலை கட்டி, கம்ப்யூட்டர் வைத்து, பந்தை அடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். அடித்தேன். கரண்ட் கம்பியைத் தொட்டதுபோல் முழங்கையிலிருந்து பல்வரை ஏறியது. பந்து வலைக்குப் போகாமல் தண்ணீர் கேனில் போய் நின்றது. அந்தப் பெண் கொஞ்சமும் சிரிக்கவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் படிப்பதைப் போல, "சார், இது பந்து நடுவுல பட்டாதான் சொன்னபடி கேட்கும். நீங்க நடுவுல அடிக்க மாட்டீங்க" என்றாள்.

மூன்றாவதாக வந்ததுதான் நான் வாங்கியது. அதுவும் அடித்துச் செய்ததுதான், ஆனால் திருப்பிப் பார்த்தால் முதுகில் குழி! "என்னம்மா, பாதி இரும்பைக் காணோம்?" என்று கேட்டேன். கேவிட்டி பேக், அது அப்படித்தான் என்றாள். இரும்பைச் சுரண்டி எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு பேரும் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு வந்த கோபத்தைத் தாங்களே யோசித்துப் பாருங்கள். மறுநாள் வீட்டிலிருந்து என்னுடைய பழைய தொங்கு தராசை எடுத்துப்போய் அங்கேயே நிறுத்துப் பார்த்தேன். எடை குறையவில்லை. "எடுத்ததை ஓரத்துல சேர்த்திருக்கோம் சார், பந்து எங்க பட்டாலும் மட்டையோட முகம் திரும்பாது. ஆளு தப்பு பண்ணாலும் இரும்பு பொறுத்துக்கும்" என்றாள். அகலக் கால் வைத்த ஸ்டூல் சாயாது, அதே கணக்குதான். இத்தனை வருடம் இரும்பு விற்றும் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாகக்கூட இருந்தது. வாங்கிவிட்டேன்.

இரும்பு பொறுத்துக்கொண்டது, கபாலி பொறுக்கவில்லை. கபாலி கிண்டியில் பந்து அடிக்கக் கற்றுத்தருகிறவர். இரண்டு நாள் காலையில் போனேன். "இன்னா சார், பாம்பை அடிக்கிற மாரி அடிக்கிறே? பந்து உனக்கு இன்னா துரோகம் பண்ணுச்சு?" என்று பத்துப்பேர் முன்னால் கேட்டார். மூன்றாம் நாள் அங்கே போகாமல், பஜர் தொழுகை முடிந்ததும் எங்கள் மொட்டை மாடிக்கே செட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். பந்து அடித்தால் யார் வீட்டுக் கண்ணாடியாவது உடையும். அதனால் ஃப்ரிட்ஜில் இருந்த எலுமிச்சம்பழத்தை வைத்து அடித்தேன். அங்கேதான் நான் கெட்டேன்.

அடுத்த வீட்டு மாடி சுப்பராமன் சாருடையது. கல்லூரியில் இயற்பியல் போதித்து ஓய்வு பெற்றவர், எனக்கு நெடுநாள் சிநேகிதர். மூன்று விடியற்காலையில் அவருடைய மாடிப்படி வாசலில் ஐந்து எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்திருக்கிறது. கடைசி நாள் அமாவாசையாம், எனக்கு எப்படித் தெரியும்? முகம் வெளுத்துப்போய் என்னிடமே வந்தார். "ஷரஃப், யாரோ வேண்டாதவா எதையோ பண்ணி வச்சிருக்கா. ஆத்துல சுப்புலக்ஷ்மி ரெண்டு நாளா தூங்கலை" என்றார். நான் பெரிய மனுஷனாகத் தலையை ஆட்டி, "காலம் கெட்டுக் கிடக்கு சார்" என்றேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சொன்னால் கோல்ஃப் வெளியே வரும், கோல்ஃப் வந்தால் பொய் வரும். மறுநாள் சாயந்திரம் மறுபடி வந்தார். அவர் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் வெங்கடேஷ் மேல்தான் சந்தேகமாம், வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறாராம். இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் மனுஷன், என் எலுமிச்சம்பழத்துக்காகத் தெருவில் நிற்பதா? சோபாவிலிருந்து எழுந்து நின்றே சொன்னேன். சார், அது செய்வினை இல்லை, அது நான்தான்.

சுப்பராமன் சார், "முப்பது வருஷம் பசங்களுக்கு ஃபிசிக்ஸ் சொல்லிக் குடுத்திருக்கேன் ஓய். எலுமிச்சம்பழம் ஆகாசத்துல பறந்து வந்திருக்கும்னு எனக்குத் தோணலை பாரும்!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். வெங்கடேஷ் பத்திரமாக இருக்கிறார்.

ஆனால் கதவருகில் உம்மே ஹானி நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "அப்ப மாமாகிட்ட சொன்னது பொய்யா அத்தா?" என்றாள். சின்ன விஷயம்தானேம்மா என்றேன். "மாமா வெளியூர் போனா பீரோ சாவியை என்கிட்டதான் குடுத்துட்டுப் போறாங்க. நான் ஒண்ணு சொன்னா ரெண்டாவது வார்த்தை கேக்க மாட்டாங்க. இது தெரிஞ்சா, இவளும் அவ அத்தா மாதிரிதானோன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான். ஜஹீதாவும் அவள் பக்கம். இந்த வீட்டில் இப்போது எனக்கு டீ கூட பேச்சில்லாமல்தான் வருகிறது.

ஆகையால் சம்பந்தி, பொய் என்னுடையது. அவளுக்கு அதில் கடுகளவும் பங்கில்லை. அவள் சொல்லும் எதையும் தாங்கள் சந்தேகப்பட்டுவிடக் கூடாது, அது ஒன்றுதான் நான் கேட்பது. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். நான் ஆடவில்லை, தங்கள் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கிறேன். தங்களோடு பேசிக்கொண்டு நடக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன். செட்டை நாளைக் காலை கபாலியிடம் கொடுத்து, வேண்டியவர்கள் யாருக்காவது தள்ளிவிடச் சொல்லப்போகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவரின் சலாம். அல்லாஹ் தங்கள் வீட்டில் பரக்கத்தையும், என் விஷயத்தில் தங்களுக்குப் பொறுமையையும் தருவானாக.

தங்கள் அன்பையும் மன்னிப்பையும் நாடும்,
ஷரஃபுதீன்

பி.கு: வெள்ளிக்கிழமை காலை. கூரியருக்குக் கொடுக்குமுன் மறுபடி பிரித்து எழுதுகிறேன். செட்டை நான் நிஜமாகவே கொடுத்துவிடுகிறேனா என்று பார்க்க உம்மே ஹானியும் கிண்டிக்கு வந்தாள். கபாலி சும்மா இல்லாமல், "யம்மா, நீ ஒண்ணு போட்டுப் பாரு" என்று ஒரு மட்டையை நீட்டினார். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தாள். நடுவில் படவில்லை, நுனியில்தான் பட்டது, எனக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. ஆனாலும் பந்து எழும்பி நேராகப் போய் தூரத்துப் பலகையைத் தாண்டி விழுந்தது. "ஊட்ல இம்மாம் பெரிய ஆளை வெச்சுக்கினு நீ ஏன் சார் கஷ்டப்பட்டுக்கினு கீறே?" என்றார் கபாலி. அறுபது பந்து அடித்தாள். செட்டைக் கொடுக்கவில்லை. வரும்போது ஆட்டோவில், மூன்று நாளுக்குப் பிறகு என்னோடு பேசினாள்.

"அத்தா, அந்த லெட்டரைப் போடாதீங்க. ஞாயித்துக்கிழமை மாமாகூட நான் ஆடுறேன். ஸ்கூல்ல படிக்கும்போதே நீங்கதான் கத்துக்குடுத்தீங்கன்னு சொல்லிடுறேன்."

அது பொய் இல்லையாம்மா என்று கேட்டேன். "அது வேற அத்தா, இது வேற" என்றாள். என் பெண்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் என் பொய்யை நான் சொல்லித் தீர்க்க வேண்டும், அதனால் அவளுக்குத் தெரியாமல் இதை அனுப்புகிறேன். தாங்கள் ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தங்களிடம் அப்படிச் சொல்லும்போது, இந்தக் கடிதம் வந்துசேரவே இல்லை என்று வைத்துக்கொண்டு, தயவுசெய்து அவளை நம்புங்கள்.